ஆள் இல்லையா, என் ஆள் வரவில்லையா: மண்டபம் வடக்கில் போட்ட ஒரு வேலைப் பொருத்தக் கணக்கு

செப்டம்பர் மூன்றாம் வாரம் ஒரு மாலை, கணினித் திரையில் என் கணக்கு வரைந்த நீலக் கோடு, ஒவ்வொரு நாளும் படகில் ஏறியவர்களை எண்ணி நோட்டில் குறித்த புள்ளிகளின் மேல் வந்து உட்கார்ந்தது. முதல் புள்ளியும் அதில் சேர்ந்திருந்தது. மூன்று மாதமாக அந்த ஒரு புள்ளி மட்டும் கோட்டுக்கு எட்டாத உயரத்தில் நின்று என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அது எப்படி அடங்கியது, அதற்குள் எத்தனை முறை வழி தவறினேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

மண்டபம் வடக்கில் விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் இடத்தில் கணக்கு எழுதுகிறேன். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்கள் கடலுக்குப் போகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. அந்த மூன்று காலைகளிலும் ஒரே காட்சியைப் பார்ப்பேன். ஐஸ் ஏற்றிய படகில் ஓர் ஆள் குறையும். பத்தடி தள்ளி டீக்கடைப் பெஞ்சில் வேலை இல்லாத ஆள் உட்கார்ந்திருப்பார். படகு ஆள் குறைவாகவே கிளம்பிப் போய்விடும். ஒரே துறையில் ஆளும் மிச்சம், இடமும் மிச்சம்.

அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்தபோது இதை விளக்கும் ஒரு கணித மாதிரி உண்டு என்று படித்திருக்கிறேன். பீட்டர் டயமண்ட், டேல் மார்ட்டென்சன், கிறிஸ்டோபர் பிஸ்ஸாரிடஸ் ஆகிய மூவருக்கும் 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வகை ஆராய்ச்சிக்காகத்தான். வேலை தேடுகிறவர்கள் ஒரு பக்கம், காலி இடங்கள் ஒரு பக்கம். இரண்டும் உடனே ஒட்டிக்கொள்வதில்லை, ஒட்டுவதற்கு நேரம் ஆகிறது. எவ்வளவு நேரம் என்பதை எங்கள் துறையிலேயே அளந்து பார்க்க ஆசை வந்தது.

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீள நோட்டு இரண்டு, 150 ரூபாய். பழைய மடிக்கணினிக்கு இராமநாதபுரத்தில் வாங்கிப் போட்ட பழைய நினைவகத் தகடு 1,400 ரூபாய். 32 காலைகளுக்கு, எனக்கும் பக்கத்தில் உட்காருபவருக்கும் டீ, 768 ரூபாய். படம் அச்செடுக்க 40 ரூபாய். மொத்தம் 2,358 ரூபாய். இதில் நினைவகத் தகடு தேவையே இல்லை. மொத்தக் கணக்கும் 127 ஆட்கள், 24 படகுகள். பழைய கணினியே தாங்கியிருக்கும். டீக்கான பணம் முழுவதும் பலன் தந்தது.

எண்ணுவதில்தான் முதலில் தவறினேன். முதல் வாரம் காலை ஐந்து மணிக்குப் போய், கடலுக்குப் போகாமல் கரையில் நின்ற எல்லோரையும் வேலை இல்லாதவர் என்று எழுதிக்கொண்டேன். இரண்டாம் வாரம்தான் தெரிந்தது, அதில் பாதிப் பேர் கிழிந்த வலை பொத்துகிற கூலிக்கு வந்தவர்கள். கரையில் நிற்பதும் வேலை இல்லாமல் இருப்பதும் ஒன்றாகிவிடாது. அந்த வாரப் பக்கங்களில் கரையில் நின்றவர் பட்டியலை மட்டும் அடித்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தேன்: "இன்றைக்குப் படகில் இடம் கிடைத்தால் ஏறுவீர்களா?" ஏறுவேன் என்றவர் மட்டும் கணக்கில் சேர்ந்தார். பெயர் எழுதவில்லை. ஆளுக்கு ஓர் எண், படகுக்கு ஓர் எழுத்து.

கால அளவையும் மாற்ற வேண்டியிருந்தது. நாட்டின் தொழிலாளர் கணக்கெடுப்பில் வாராந்தர நிலை என்று ஒன்று உண்டு. கடந்த ஏழு நாட்களில் ஒரு நாளாவது, ஒரு மணி நேரமாவது வேலை பார்த்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். நாடு முழுவதற்கும் அது சரிப்படலாம். எங்கள் துறையில் வாரத்துக்கு மூன்று நடைதான். அதில் இரண்டைத் தவறவிட்டவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதை அந்த அளவுகோல் காட்டாது. அதனால் நாளையும் வாரத்தையும் விட்டுவிட்டு 'கடல்நாள்' என்பதை அலகாக எடுத்துக்கொண்டேன். படகு அனுமதி டோக்கன் வாங்கிக் கிளம்பிய ஒவ்வொரு நாளும் ஒரு வரிசை. கச்சான் காற்று கடுமையாக அடித்துப் படகுகள் போகாத நாட்களுக்கு வரிசையே கிடையாது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த முதல் கடல்நாளிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை 32 கடல்நாட்கள் சேர்ந்தன. 24 படகுகள், படகுக்கு ஐந்து பேர், ஆக 120 இடங்கள். முதல் நாளைத் தனியே வைத்துவிட்டுச் சராசரி எடுத்தால், ஒரு கடல்நாளின் தொடக்கத்தில் ஆள் தேவைப்பட்ட இடங்கள் 9, படகில்லாமல் நின்றவர்கள் 16 பேர். அன்று காலையில் ஏறியவர்கள் 6 பேர். ஏறக்குறைய அதே அளவில் இறங்கிக்கொண்டவர்களும் 6 பேர்.

இதை லிப்ரே ஆபிஸ் கால்க் அட்டவணையில் போட்டேன். வாய்ப்பாடு எளியது. தேடுவோர் எண்ணிக்கையையும் காலி இடங்களையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, எவ்வளவு எளிதாகப் பொருந்துகிறார்கள் என்பதைக் காட்டும் ஓர் இணக்க எண்ணால் பெருக்கினால் அன்று பொருந்துகிறவர்களின் எண்ணிக்கை வரும். வர்க்கமூலம் எடுப்பதென்றால் இரு பக்கத்துக்கும் 0.5 என்ற அடுக்கைக் கொடுப்பதாக அர்த்தம். பல நாட்டு ஆய்வுகளை 2001-இல் தொகுத்துப் பார்த்த பெட்ராங்கோலோவும் பிஸ்ஸாரிடஸும் தேடுவோர் பக்கத்து அடுக்கு பெரும்பாலும் 0.5 முதல் 0.7 வரை இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். கையாள எளிது என்பதால் 0.5 எடுத்துக்கொண்டேன். 16-ஐ 9-ஆல் பெருக்கினால் 144, வர்க்கமூலம் 12, ஏறியவர்கள் 6. இணக்க எண் 0.5.

சராசரி அச்சாகப் பொருந்தியது. மிகவும் மகிழ்ந்தேன். சராசரியிலிருந்து எடுத்த எண் சராசரியைத் திருப்பிக் கொடுப்பதில் வியப்பு எதுவும் இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.

முதல் கடல்நாள்தான் கண்ணைத் திறந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2017-க்கு முன்பு அது 45 நாட்களாக இருந்தது. தடை முடியும் நாளில் 120 இடங்களும் காலி, 127 பேரும் கரையில். என் வாய்ப்பாட்டின்படி அன்று 62 பேர் ஏறியிருக்க வேண்டும். பாதிப் படகுகள் ஆளில்லாமல் கட்டிக்கிடந்திருக்க வேண்டும். நோட்டைப் பார்த்தேன். 104 பேர் ஏறியிருந்தார்கள்.

எண்ணியதில்தான் பிழை என்று எண்ணி, ஐஸ் ஏற்றிய ரசீதுகளை எடுத்து மறுபடியும் சரிபார்த்தேன். படகு வாரியாக, ஆள் வாரியாக. 104 சரியான எண்தான்.

அடுத்த இரண்டு வாரம் தவறான திசையில் போனேன். ஒருவருக்கொருவர் தெரியாமல் எல்லோரும் ஒரே படகைத் தேடிப் போய் முட்டிக்கொள்வதால்தான் மற்ற நாட்களில் இடம் நிரம்பவில்லை, முதல் நாளில் மட்டும் அந்தக் குழப்பம் இல்லை என்று நினைத்தேன். குடங்களில் கண்ணை மூடிக்கொண்டு கல் போடுகிற கணக்கு அது: 16 கற்களை 9 குடங்களில் போட்டால் எத்தனை குடம் காலியாக இருக்கும்? போட்டுப் பார்த்தால் ஒன்று அல்லது இரண்டுதான் காலியாக நிற்கும். ஏழெட்டு இடம் நிரம்பிவிடும். நோட்டிலோ மூன்று இடம் காலி. கண்ணை மூடிக்கொண்டு போனால்கூட இதைவிட நன்றாகப் பொருந்த வேண்டும் என்றால், தடை வேறெங்கோ இருக்கிறது.

பைத்தான் நிரல்மொழியில் ஆளுக்கு ஆள் தனித்தனியாக ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று இறங்கினேன். 127 ஆட்கள், 24 படகுகள், 32 கடல்நாட்கள், 500 முறை. ஐந்நூறு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கோடாக விழுந்தன. இவ்வளவு துல்லியமா என்று அன்றிரவு முழுக்க ஒரே பரவசம். காலையில் பார்த்தால், தற்செயல் எண்களின் தொடக்க எண்ணைச் சுழற்சிக்கு உள்ளே எழுதியிருந்தேன். ஒவ்வொரு முறையும் அதே எண்கள்; ஒரே ஓட்டம் ஐந்நூறு தடவை. அந்த ஒரு வரியை வெளியே நகர்த்தியதும் கோடுகள் விரிந்தன. விரிந்த பிறகும் முதல் புள்ளிக்கு அருகில் ஒரு கோடுகூடப் போகவில்லை.

விடை டீக்கடையில்தான் கிடைத்தது. ஜூலை கடைசியில் ஒரு சனிக்கிழமைக் காலை, 'ஊ' படகின் டிரைவர் ஐஸ் ரசீதில் கையெழுத்துப் போட வந்தார். அறுபதை நெருங்கும் வயது, என் பெரியப்பாவின் சேக்காளி. அவர் படகில் ஓர் இடம் காலி என்று நோட்டில் குறித்துக்கொண்டே, "பெஞ்சில் ஆள் இருக்கிறார்களே, கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன்.

"ஆள் இல்லை என்று நான் சொன்னேனா தம்பி? என் ஆள் இன்னும் வரவில்லை என்றுதானே சொன்னேன். அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு முதுகுளத்தூர் போயிருக்கிறான். திங்கட்கிழமை வந்துவிடுவான்."

பேனா நோட்டின்மேல் அப்படியே நின்றுவிட்டது. அவர் சொன்ன இடம் காலியாகத்தான் இருந்தது, ஆனால் அது யாருக்கும் திறந்த இடமாக இல்லை. அதே காரணத்தால், திங்கட்கிழமை திரும்பி வந்து ஏறப்போகிறவரும் வேலை தேடுகிறவர் ஆகமாட்டார். இருவரையும் நான் ஒரே பானையில் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து நோட்டில் இரண்டு கட்டங்கள் கூடின. ஆளிடம்: "திரும்பிப் போகப் படகு இருக்கிறதா?" டிரைவரிடம்: "யாருக்காவது பிடித்து வைத்த இடமா?" பழைய பக்கங்களுக்கும் ஆளாளாகக் கேட்டு எழுதினேன், எட்டு நாள் பிடித்தது. பிரித்துப் பார்த்தபோது, நின்ற 16 பேரில் 6 பேர் தங்கள் படகுக்குத் திரும்பக் காத்திருந்தவர்கள், 10 பேர் உண்மையில் தேடுகிறவர்கள். காலியான 9 இடங்களில் 5 பிடித்து வைத்தவை, 4 திறந்தவை. ஏறிய 6 பேரில் 4 பேர் பழைய படகுக்கே திரும்பியவர்கள். புதிதாகப் பொருந்தியவர்கள் இரண்டே பேர்.

இது எங்கள் துறைக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நினைத்திருந்தேன். பிறகு படித்தபோது, அமெரிக்கத் தரவுகளில் ஃபுஜிட்டா, மொஸ்கரினி என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இதையே கண்டிருப்பது தெரிந்தது. வேலையை விட்டு வெளியே வந்து நின்றவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் பழைய முதலாளியிடமே திரும்பியிருக்கிறார்கள். அங்கேயே அப்படியென்றால், படகுக்காரரிடம் வாங்கிய முன்பணமும் உறவும் பின்னிக்கிடக்கிற கடல்தொழிலில் இது மூன்றில் இரண்டு பங்காக இருப்பதில் வியப்பில்லை.

இப்போது எண்கள் வேறு கதை சொல்கின்றன. பழைய கணக்கில் 16 பேரில் 6 பேர் ஏறுகிறார்கள். சராசரிக் காத்திருப்பு இரண்டே முக்கால் கடல்நாளுக்குச் சற்றுக் குறைவு, ஒரு வாரம்கூட இல்லை. பிரித்தால், படகு உள்ளவருக்கு ஒன்றரைக் கடல்நாள். படகு இல்லாதவருக்கு ஐந்து கடல்நாள், ஏறத்தாழ இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தை என் சராசரி மூன்று மாதமாக மூடி மறைத்து வைத்திருந்தது.

புதிய இணக்க எண் 0.5-லிருந்து 0.32-க்கு இறங்கியது. முதல் கடல்நாளை மறுபடியும் ஓட்டினேன். தடைக்காலத்திலேயே படகு பேசி வைத்தவர்கள் 100 பேர் மாதிரியில் நேரே ஏறினார்கள். மீதி 27 பேருக்கும் 20 இடங்களுக்கும் மட்டும் வாய்ப்பாட்டைப் போட்டால் 7 பேர். மொத்தம் 107. நோட்டில் 104. இதுதான் கோடு புள்ளியின்மேல் உட்கார்ந்த மாலை. மூன்று பேர் வித்தியாசம், பேசி வைத்துவிட்டு வராமல் போனவர்களால் வந்தது. தடைக்காலத்தில் மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களுக்கு வேலைக்குப் போனவர்கள் அவர்கள். கேரளத்தில் இழுவைமடித் தடை ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்குகிறது. கணக்கு முடித்துப் பணம் வாங்கி ஊர் திரும்ப ஒரு வாரம் ஆகிவிடுகிறது.

பிரித்ததால் இன்னொன்றும் தெரிந்தது. எனக்கு இதுதான் முக்கியம். துறையில் எல்லோரும் சொல்வது: "உட்கார உட்காரச் சோம்பல் ஏறும். நாலு நடை உட்கார்ந்தவனைக் கூப்பிடாதே." நோட்டும் மேலோட்டமாக அப்படித்தான் காட்டியது. கரைக்கு வந்து நின்றவர்களில் முதல் கடல்நாளில் பாதிப் பேர் ஏறிவிடுகிறார்கள். மிஞ்சியவர்களில் அடுத்த நாள் நூற்றுக்கு 40 பேர், அதற்கடுத்து 32, பிறகு 26. நாளாக ஆக வாய்ப்பு தேய்கிறது. மாதிரியில் சோம்பல் என்று எதையும் நான் வைக்கவில்லை. படகு உள்ளவர் ஒவ்வொரு நாளும் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் ஏறுகிறார், இல்லாதவர் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பில். இரண்டும் நாளுக்கு நாள் மாறாதவை. அப்படியே ஓடவிட்டால், 60 பேரில் முதல் நாள் 31 பேர், அடுத்து மீதி 29-இல் 12 பேர், பிறகு 17-இல் 5 அல்லது 6 பேர். தேய்மானம் அதே வடிவில் வருகிறது. படகு உள்ளவர்கள் முதலில் போய்விடுகிறார்கள். நாலாவது நாள் பெஞ்சில் மிஞ்சுவது படகு இல்லாதவர்கள். அவர்கள் முதல் நாளும் அதே ஆட்கள்தான், அதே வாய்ப்போடு. அவர்கள்மேல் ஒட்டியிருக்கும் சோம்பேறிப் பட்டத்துக்கு என் நோட்டில் ஒரு சான்றும் இல்லை.

27-ஆம் எண்ணின் வரிசை என் மேசைமேல் திறந்தே கிடக்கிறது. பதினோரு சிறு கோடுகள், பிறகு ஒரு 'கூ'. பதினோரு கடல்நாள் விடிகாலையில் வந்து உட்கார்ந்தவர். முப்பது வயது இருக்கும். மடி வலை இழுப்பதில் கெட்டிக்காரர் என்று இரண்டு டிரைவர்கள் என்னிடம் சொல்லியிருந்தார்கள். பழைய படகில் வாங்கிய முன்பணம் 15,000 ரூபாய் தீரவில்லை. அதைத் தீர்க்காமல் அவரை ஏற்றினால் பழைய முதலாளியோடு மனத்தாங்கல் வரும் என்று மற்றவர்கள் தயங்கினார்கள். பன்னிரண்டாம் நாள் 'கூ' படகுக்காரர் அந்தத் தொகையைத் தன்மேல் போட்டுக்கொண்டு ஏற்றினார். பெஞ்சிலிருந்து படகுக்குப் பத்தடிதான். ஏறும்போது என்னைப் பார்த்து, "அண்ணே, இன்றைக்குக் கோடு போட்டுவிடாதீர்கள்" என்றார்.

குடத்தில் கல் போடும் கணக்குக்கு அகப்படாத தடை இதுதான். எந்தப் படகில் இடம் என்று எல்லோருக்கும் தெரியும். "யார் வீட்டுப் பிள்ளை, பாக்கி எங்கே?" என்ற இரண்டு கேள்விகளில்தான் பொருத்தம் நின்றுவிடுகிறது.

முன்பணச் சிக்கலைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்று மாதிரியில் இணக்க எண்ணை 0.32-லிருந்து 0.4-க்கு உயர்த்திப் பார்த்தேன். தேடுகிறவர்கள் 10-லிருந்து 6 ஆகக் குறைந்து, காத்திருப்பு மூன்று கடல்நாளாக இறங்கியது. இதை இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன். அது தவறு. திறந்த இடங்களை 4 என்றே நிறுத்தி வைத்திருந்தேன். ஆள் ஒருவர் ஏறினால் இடமும் ஒன்று குறையும். இடம் 120, ஆள் 127 என்றால் எவ்வளவு நன்றாகப் பொருத்தினாலும் ஏழு பேர் கரையில் நிற்பார்கள். திருத்திப் போட்டபோது 9 பேர், நாலரைக் கடல்நாளுக்குச் சற்றுக் குறைவு. ஐந்திலிருந்து நாலரை. இணக்க எண்ணை 0.32-லேயே விட்டு ஒரு படகு கூடுதலாக வந்தால் மூன்றரைக்கு இறங்குகிறது. ஆனால் ஏற்கெனவே மீன்பாடு குறைந்து கிடக்கிற கடலில் இன்னொரு விசைப்படகு இறங்கட்டும் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. சொன்ன இருவரிடமும் போய்த் திருத்தத்தைச் சொன்னேன்.

ஒரு பகுதி இன்னும் அரைகுறை. புதிதாகச் சேர்ந்தவர்களில் 41 பேரை முழுதாகத் தொடர முடிந்தது. முதல் மூன்று கடல்நாளுக்குள் 17 பேர் இறங்கிவிட்டார்கள். மிஞ்சிய 24 பேரில் அடுத்த பத்துக் கடல்நாளில் இறங்கியவர் 5 பேர்தான். ஆளும் படகும் ஒத்துப்போகுமா என்பது சேர்ந்து வேலை பார்த்த பிறகே தெரியும் என்று 1979-இலேயே பொருளாதார அறிஞர் போயன் யோவனோவிச் மாதிரி போட்டிருக்கிறார். என் பைத்தான் நிரலில் எல்லோரும் ஒரே வாய்ப்பில் இறங்குகிறார்கள். அதை மாற்ற வேண்டும்.

அடுத்த முறை முதல் பக்கத்தை ஜூனில் தொடங்கமாட்டேன். ஏப்ரல் 14 மாலை, படகுகள் கரையேறி, இன்ஜினைக் கழற்றுவதற்கு முன், யார் எந்தப் படகோடு பேசி வைத்திருக்கிறார், யாருக்கு எங்கே எவ்வளவு பாக்கி என்று கேட்டு எழுதிக்கொள்வேன். இந்த ஆண்டு அதைப் பிறகு கேட்டதில் பலருக்கு ஞாபகம் குழம்பிவிட்டது. தேடுவோர் பக்கத்து அடுக்கை 0.6, 0.7 என்று வைத்தும் ஓட்டிப் பார்க்க வேண்டும். புது நோட்டு வாங்கியாகிவிட்டது, 75 ரூபாய். இடது ஓரத்தில் எண், அடுத்துப் படகு எழுத்து, அதற்கடுத்து அகலமாக ஒரு கட்டம் 'பாக்கி' என்று தலைப்பிட்டுக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.